பாலத்தின் ஆறு ஓட்டைகள்

போடியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில், முந்தல் தாண்டிக் கொஞ்சம் மேலே, ஓர் ஓடையின் குறுக்கே பழைய கல்பாலம் ஒன்று உண்டு. அதைக் கட்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கெடுத்தவன் யாரென்று மட்டும் நன்றாகத் தெரியும். இதை எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் ரோட்டு வேலையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் சிலமலை. பத்தாவதில் தேறவில்லை. வேறு எந்த வேலைக்குப் போனாலும் மனிதர்களிடம் பேச வேண்டியிருந்தது. கடையில் நின்றால் வருகிறவரிடம் பேச வேண்டும். ஜீப்பில் கிளீனராகப் போனால் மலை உச்சியிலிருக்கும் மெட்டுக்கு ஆள் சேர்க்க "மெட்டு, மெட்டு, மெட்டு" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கத்த வேண்டும். ரோடு பதில் பேசாது என்று நம்பி அங்கே போனேன். அங்கேயும் ஒரு சிவப்புக் கொடி வைத்திருந்தார்கள். மண் சரிந்த இடத்தில் கொடியோடு நின்று வண்டியை நிறுத்த வேண்டும். முதல் நாள் நான் கொடியைக் காட்டிய விதத்தைப் பார்த்த ஒரு லாரி டிரைவர், நான் முகம் துடைக்கிறேன் என்று நினைத்து நிற்காமலே போய்விட்டார். அதோடு மேஸ்திரி கொடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

மேஸ்திரிக்குக் கீழே நாங்கள் ஆறு பேர். மழை பெய்தால் சரிந்த மண்ணை அள்ளுவது, பள்ளத்துக்குச் சல்லி போடுவது, சாக்கடை வழியைத் தூர் வாருவது, ரோட்டோரம் உண்ணிச் செடியை வெட்டுவது. இதுதான் சோலி. ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து நான் வேலை கேட்பேன். பாலத்துக்கு அடியில் ஓடையைச் சுத்தம் செய்ய யாரும் விரும்பமாட்டார்கள், அட்டை கடிக்கும். அதனால் அது எனக்கே கிடைத்தது. அப்படித்தான் அந்தப் பாலத்தை அடியிலிருந்து மேலே பார்த்துப் பழகினேன்.

ஒரே ஒரு வளைவு. மலையில் உடைத்த கல்லையே ஆப்பு மாதிரி செதுக்கி, ஒன்றோடு ஒன்று இடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு கல்லுக்கு நடுவே என் கத்தி நுனிகூட நுழையாது. மேலே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். ஏறுகிற வண்டிக்கே முதல் வழி. லோடு ஏற்றிய ஜீப்பைச் சரிவில் நிறுத்தினால் மறுபடி எடுக்கும்போது பின்னால் உருளும் என்பதால், இறங்குகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். எஸ்டேட் முதலாளியின் காரும் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாலத்தின் வரலாறு ஆளுக்கு ஒன்றாக இருந்தது. அதற்கு முன்பு ஒற்றையடிப் பாதையில் பொதிமாடுகள் ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கின என்றும், மாட்டு வண்டி போக வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்தில் பாலம் வந்தது என்றும் மேஸ்திரி சொல்வார். வண்டி மாட்டுக்குக் கட்டியதில்தான் பிறகு லாரி போனது. சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காயும் முட்டையும் சேர்த்து அரைத்துக் கட்டினார்கள் என்று டிரைவர்கள் சொல்வார்கள். வருடத்துக்கு வருடம் முட்டைக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. அத்தனை முட்டைக்கு இந்த வட்டாரத்தில் கோழி ஏது என்று எனக்குத் தோன்றும். கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். அதனால் கேட்டதில்லை.

பாலத்தின் பக்கச் சுவர்களில் ஆறு ஓட்டைகள் இருந்தன. கிழக்கே மூன்று, மேற்கே மூன்று. என் முஷ்டி நுழையும் அளவு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கல் நாக்கு நீட்டிக்கொண்டிருந்த அடையாளம் தெரிந்தது. அவையெல்லாம் எப்போதோ உடைந்து போயிருந்தன. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் ஆன பிறகும் அந்த ஓட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சளி பிடித்த பிள்ளையின் மூக்கைப் பார்ப்பது மாதிரி எனக்கு ஒரு சங்கடம்.

ஒரு தை மாதம், மேலதிகாரி ஒருவர் மெட்டு வரைக்கும் சாலையைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் வேலையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி வருகிறார் என்றால் பள்ளத்தை மூடுகிறோமோ இல்லையோ, கைப்பிடிச் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போட்டுவிடுவோம். பாலத்தின் வெளிப்பக்கத்துக்கு இடுப்பில் கயிறு கட்டித் தொங்கி அடிக்க வேண்டும். "நான் அடிக்கிறேன்" என்றேன். அந்தப் பக்கம் யாரும் வந்து பேச முடியாது.

இரண்டு பக்கமும் பால் மாதிரி அடித்து முடித்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஆறு ஓட்டைக்குக் கீழேயும் ஆறு பழுப்புக் கோடுகள். மறுபடி அடித்தேன். மத்தியானத்துக்குள் மறுபடி கோடு. அதிகாரி நாளைக்கு வருகிறார். மேஸ்திரியிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் "பழசுல கை வைக்காதடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், இந்தக் கதையே இருந்திருக்காது. நான் யாரிடமும் கேட்காமல், மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்து, ஓட்டைக்குள் கை போகும் தூரம் வரைக்கும் சல்லியைத் திணித்து, சிமெண்டு வைத்து இழைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

அதிகாரியின் கார் மறுநாள் பாலத்தைக் கடந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. பின் சீட்டில் அவர் தலை தோளில் சாய்ந்திருந்தது. நல்ல தூக்கம்.

ஆனால் மேஸ்திரி கீழ் வளைவிலிருந்து பாலத்தைப் பார்த்துவிட்டு, "சோலின்னா இது சோலி. பாத்துக்கங்கடா, ஒரு சொட்டு ஒழுக்கு இல்ல" என்று மற்ற ஐந்து பேரிடமும் சொன்னார். ரோட்டு வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. எப்படி ஒழுக்கு நின்றது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் என் மனைவியை அந்த வழியாக பஸ்ஸில் கூட்டிப்போய்ச் சன்னல் வழியே காட்டினேன். "செவரு வெள்ளையா இருக்கு" என்றாள்.

அப்புறம் இரண்டு வருட மழை போனது. மூன்றாவது வருடம் ஐப்பசியில் அடைமழை. ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கியவன் அண்ணாந்து பார்த்தேன். கிழக்குச் சுவருக்கு வயிறு தள்ளியிருந்தது. மேற்கே போய்ப் பார்த்தேன், அங்கேயும். நான் அடைத்த ஓட்டைகளைச் சுற்றித்தான் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டி ரோட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. மேஸ்திரியிடம் ஓடி, சுவர் தள்ளியிருக்கிறது என்று அதிசயமாக ஒரு முழு வாக்கியம் பேசினேன்.

ஒரு வாரத்தில் பலகை வைத்துவிட்டார்கள். லாரி போகக் கூடாது. மூட்டைகளை இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோய், மறுபக்கம் நிற்கும் லாரியில் ஏற்ற வேண்டும். ஜீப்பு காலியாகத்தான் போகலாம். அதிலிருக்கும் ஆட்கள் இறங்கி நடந்து, பாலத்தைக் கடந்து ஏறிக்கொள்ள வேண்டும். அது ஏலக்காய் எடுக்கும் பருவம். ராசிங்காபுரத்திலிருந்தும் எங்கள் ஊரிலிருந்தும் விடிகாலையில் ஜீப்பு ஜீப்பாகப் பெண்கள் மேலே போவார்கள். என் மனைவியும் அப்போது போய்க்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நனைந்த சேலையோடு வருவாள். "எவன் கட்டுன பாலமோ, நெஞ்சு வரைக்கும் நனைஞ்சாச்சு. ஏறி ஒக்காந்த எடத்துல எறங்கச் சொல்றான். எறங்கி நடந்து வந்து பாத்தா, ஒக்காந்த எடத்துல வேறொருத்தி ஒக்காந்திருக்கா. அங்க ஒரு சண்டை" என்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பழைய பாலம்ல" என்பேன். என் உடம்பில் இருந்த நெஞ்சழுத்தம் எவ்வளவு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உண்மையில் அது நெஞ்சழுத்தம்கூட இல்லை, பயம். பல வருடம் வேலை செய்த தினக்கூலிகளை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் என் பெயர் இருந்தது.

பாலத்தைப் பார்க்க ஓர் இளம் இன்ஜினியர் வந்தார். கீழத் தஞ்சைப் பக்கத்துக்காரர், மலையேறிப் பழக்கமில்லை, மூச்சு வாங்கும். ஒரு சின்னச் சுத்தியல் வைத்துக்கொண்டு வளைவின் கல் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மேஸ்திரியிடம், "வளைவுல ஒரு கல்லுகூட அசையலை. பக்கச் சுவர்தான் தள்ளுது. உள்ளே இருக்கற மண்ணுல தண்ணி நிக்குது. வெளியேற வழி வைக்கலையா?" என்று கேட்டார்.

"வெள்ளக்காரன் கட்டுனது சார். அவன் மறந்துட்டான் போல" என்றார் மேஸ்திரி.

நான் நாலடி தூரத்தில் கல் கூடையோடு நின்றேன். மூன்று வருடத்துப் பாசியும், வருடா வருடம் அடித்த சுண்ணாம்பும் ஆறு ஓட்டைகளையும் மூடியிருந்தன. அந்த மலையில் அது தெரிந்த ஒரே ஆள் வாயை மூடியிருந்தான்.

பாலத்தை வெடி வைத்து உடைத்துவிட்டு, தற்காலிகமாகச் சிமெண்டுக் குழாய்களைப் போட்டு மண் கொட்டுவது என்று பேச்சு ஆரம்பித்தது. மேலதிகாரி நேரில் வந்து பார்த்துச் சரி என்றால் முடிந்தது. இன்ஜினியருக்கு உடைக்க மனமில்லை. ஆனால் சுவர் ஏன் தள்ளுகிறது என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. காரணம் இல்லாவிட்டால் வயதுதான் காரணம் என்று எழுதிவிடுவார்கள். நான் செய்ததற்கு அந்தப் பாலம் சாகப் போகிறது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முந்தலில் டீக்கடைப் பெஞ்சில் இன்ஜினியர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். "டீ சூடா இருக்கா சார்?" என்று கேட்டேன். "இருக்கே" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன். இன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம். "ஐயா, பாலத்துக்கு ஆறு ஓட்டைகள் இருந்தன. ஒரு முட்டாள் அவற்றைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டான். முட்டாள் நல்லவன்தான். வேண்டுமென்று செய்யவில்லை. பாலத்தை உடைக்க வேண்டாம். இப்படிக்கு, ஒரு பொதுஜனம்." அவருடைய மோட்டார் சைக்கிள் பையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பது திட்டம். பையின் வார் கழலவில்லை. நான் வாரோடு போராடிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் கடிதத்தைக் கையில் கொடுத்தேன்.

"யார் கொடுத்தது?"

"ஒரு பொதுஜனம் சார்."

அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த இடத்துலன்னு பொதுஜனம் எழுதலையே. தேடித்தான் பார்க்கணும். உளியும் சுத்தியும் எடுத்துக்கிட்டு இறங்கறியா?" என்றார்.

கயிறு கட்டி இறங்கினேன். எங்கே பார்த்தாலும் ஒரே பாசி. நான் நேராகப் போய் உளியை வைத்துத் தட்டினேன், சிமெண்டு தெரிந்தது. நகர்ந்து இன்னோர் இடத்தில் வைத்தேன், சிமெண்டு. மூன்றாவது இடத்திலும் வைக்கப் போகும்போது மேலேயிருந்து, "கொஞ்சம் இருப்பா" என்று குரல் வந்தது.

"தேடவே இல்லையே நீ. எப்படித் தெரிஞ்சுது?"

ஓடிப்போக வேண்டிய நேரத்தில் நான் இடுப்பில் கயிறோடு தொங்கிக்கொண்டிருந்தேன். உளியை ஓங்கி அடித்தேன். சல்லி உடைந்து, மூன்று வருடத் தண்ணீர் சேறோடு என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. மேலே இழுத்தபோது என் முகம் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அது வசதியாக இருந்தது.

இன்ஜினியர் திட்டவில்லை. பாலத்தில் அப்போது ஒரு ஜீப்பிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "ஒரு ஜீப்புல எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"பதினெட்டு இருபது சார்."

"வளைவுல யாரும் விழறதில்லையே, ஏன்?"

"நெருக்கி ஒக்காந்திருப்பாங்க சார். அசையவே முடியாது."

"அதான் இந்தப் பாலம். கல்லு கல்லை நெருக்குது. மேல எடை ஏற ஏற நெருக்கம்தான் கூடும். கடைசி ரெண்டு பக்கமும் மலை தாங்கிக்குது. இதுக்குச் சாந்துகூடப் பெரிசா வேண்டியதில்லை. தண்ணி மட்டும் உள்ள நிக்கக் கூடாது. அது அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "வியாழக்கிழமை பெரியவர் வர்றார். நீதான் சொல்லணும். நான் சொன்னா, புதுசா வந்தவன் புத்தகத்தைப் படிச்சுட்டுப் பேசறான்னுவார். அடைச்சவனே சொன்னா மறுக்க முடியாது. சொன்னா உன் பேரு லிஸ்ட்ல இருக்காதுன்னும் நினைச்சுக்கோ. நான் கட்டாயப்படுத்தலை."

வியாழன் வரை ஓடையில் நின்று, தண்ணீரிடம் சொல்லிப் பழகினேன். தண்ணீரிடம் அருமையாகச் சொன்னேன்.

பெரியவர் வந்தார். குடை பிடிக்க ஓர் ஆள். லாரி டிரைவர்களும், மூட்டை சுமப்பவர்களும், ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்களும் வேடிக்கை பார்க்கச் சேர்ந்துவிட்டார்கள். என் மனைவியின் ஜீப்பு விடியும் முன்பே மேலே போய்விட்டது என்பது ஒன்றே ஆறுதல். பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. தோளில் சாய்ந்திருந்த அதே தலை.

"சுவர் தள்ளினதுக்குக் காரணம் இவர் சொல்லுவார் சார்" என்றார் இன்ஜினியர்.

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மறுபடி முயன்றேன்.

"என்னய்யா சொல்றே? ஓடைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை" என்றார் பெரியவர். மேஸ்திரி பின்னாலிருந்து, "வெரசாச் சொல்லுப்பா, அய்யா நிக்கிறாகள்ல" என்று முதுகில் குத்தினார். அந்தக் குத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஆறு ஓட்டையையும் நான்தான் சார் அடைச்சேன்!"

ஓடையின் அந்தக் கரையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எதுக்கு அடைச்சே?"

"நீங்க வர்றீகன்னு சார். சுண்ணாம்புல கோடு விழுந்துச்சு."

"எனக்காகவா? நான் அதைப் பார்த்தேனா?"

குரல் திறந்த வேகத்தில் அறிவு மூடிக்கொண்டது. "இல்ல சார். தூங்கிட்டே போனீக" என்றேன்.

டிரைவர்கள் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குடை பிடித்தவரின் குடைகூட ஆடியது. பெரியவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பாறையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். திறந்திருந்த ஓட்டையில் இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் கையை நீட்டி, கலங்கலைப் பார்த்தார். இன்ஜினியரின் சுத்தியலை வாங்கி வளைவுக் கற்களை அவரும் தட்டினார். வெகுநேரம் கழித்து மேலே ஏறி வந்தார்.

"உடைக்க வேண்டாம். தள்ளின சுவரை மட்டும் பிரிச்சு, ஈர மண்ணை வாரிட்டுத் திரும்பக் கட்டுங்க. ஓட்டைக்குப் புதுசா நாக்கு வைங்க. லோடு வச்சுப் பார்த்துட்டுத் திறந்துவிடலாம்." காரில் ஏறப் போனவர் திரும்பினார். "இவன் பேரை இந்த வருஷம் லிஸ்ட்டுல இருந்து எடுத்துடுங்க. மாசாமாசம் அந்த ஆறு ஓட்டையையும் கம்பி விட்டுக் குத்தறது இவன் வேலை."

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தேவைப்படவில்லை. இறங்குகிற ஜீப்பு ஒவ்வொன்றிலும் அந்தச் செய்தி ஏறியிருந்தது. வாசலிலேயே நின்றாள்.

"ஏய்யா, நாங்க நனைஞ்சதெல்லாம் ஒன்னாலயா?"

தலையாட்டினேன்.

"வந்து வந்து சொன்னேனே. அடுப்பப் பாத்துக்கிட்டு, பழைய பாலம்ல, பழைய பாலம்லன்னு சொன்ன வாயா இது?"

"லிஸ்ட்டுல பேரு போச்சு" என்றேன்.

அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்து உதறினாள். பிறகு, "அவ்வளவு பேரு முன்னாடி நீயா பேசுன? கத்துனயாமே?" என்றாள். ஆமாம் என்றேன். "அய்யே, நான் ஒரு ஜீப்பு பிந்தி வந்திருக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பேர் போனதைவிட அதைப் பார்க்காமல் போனதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சுவரைப் பிரித்துக் கட்டக் கோடை முழுக்க ஆனது. கல்லுக்கு எண் போட்டுக் கழற்றி, அதே இடத்தில் வைத்தார்கள். நான் கல் சுமந்தேன். சாந்துப் பக்கம் என்னை விடக்கூடாது என்று மேஸ்திரி கொத்தனார்களிடம் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் கல் ஏற்றிய லாரி ஒன்றைப் பாலத்தின் நடுவில் ஒரு பகல் முழுக்க நிறுத்தினார்கள். கொஞ்சம் அசைந்தாலும் தெரியட்டும் என்று வளைவும் சுவரும் சேரும் இடத்தில் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு உடைகிறதா என்று பார்க்க என்னைத்தான் அடியில் உட்கார வைத்தார்கள். அட்டை கடித்தது. கண்ணாடி உடையவில்லை.

எனக்கு நிரந்தரம் கிடைக்க மேலும் மூன்று வருடம் ஆனது. அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் மாதாமாதம் கம்பியோடு இறங்கினேன். சுவர் கட்டி முடிந்த வருடமே, ஐப்பசி மழையில் ஆறு ஓட்டையும் புதுக் கல் நாக்கு வழியாகச் சுவரைத் தொடாமல் தண்ணீரைத் துப்பின. நான் கம்பியோடு பாலத்தோரம் ஒதுங்கி நின்றேன். பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு நிற்காமல் பாலத்தில் ஏறியது. பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒருத்தி, "அண்ணே, ஓட்டையெல்லாம் தொறந்திருக்கா?" என்று கத்தினாள். உள்ளே அத்தனை பேரும் சிரித்தார்கள். அதில் பலமாகக் கேட்ட சிரிப்பு என் மனைவியுடையது.

நல்ல பதிலாக ஒன்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அது நாக்குக்கு வந்தபோது ஜீப்பு அடுத்த வளைவைத் தாண்டியிருந்தது.